மலை வீட்டுக் கொல்லையில் பறவைகளுக்குத் தீனி: முதலில் தண்ணீர், பிறகு செடி, கடைசியில் ஒரு பிடி தானியம்

கேள்வி சுருக்கமாக: கோத்தகிரி பக்கம் வீடு, பின்னால் நான்கு சென்ட் இடம். ஆன்லைனில் வாங்கிய தொங்கும் குழாயில் கம்பும் சூரியகாந்தி விதையும் நிரப்பி வைத்தாயிற்று. பறவை எதுவும் வரவில்லை, விதை கட்டி தட்டிவிட்டது, குரங்கு ஒரு தடவை குழாயைப் பிய்த்துப் போட்டது. கரடி நடமாட்டமும் உண்டு. என்ன வைக்கலாம், எப்படி வைக்கலாம்?

அந்தக் குழாய் பனி கொட்டும் நாடுகளுக்கென்று உருவானது. அங்கே குளிர்காலத்தில் பூச்சியும் பழமும் அற்றுப்போகும், பறவைகள் விதையை நம்பியே காலம் தள்ளும். நம் மலையில் வருஷம் முழுக்க ஏதோ ஒரு பூவும் பழமும் பூச்சியும் இருக்கும். உங்கள் கொல்லையில் திரியும் பறவைகளில் பெரும்பாலானவை தானியமே தின்னாதவை. கொண்டை வைத்த செம்மீசைச் சின்னான் பழமும் பூச்சியும் தின்னும். வெள்ளைக்கண்ணிக்குப் பூந்தேன், சிறு பழம், அசுவினிப் பூச்சி. நீலகிரி ஈப்பிடிப்பானுக்குப் பூச்சிதான் பிரதானம். குக்குறுவானுக்குப் பழம், தேன்சிட்டுக்குத் தேனும் சிலந்தியும். மணிப்புறா, சில்லை, சிட்டுக்குருவி, ஓரளவு மைனா, இவைதான் தானியத்துக்கு வரும். இவற்றிலும் புறாவும் சில்லையும் தரையிலோ தட்டையான இடத்திலோ நின்று பொறுக்குகிறவை, ஆடும் குழாயில் தொற்றிக்கொண்டு தின்னாது. ஆகவே பறவை வராததில் உங்கள் தவறு ஒன்றுமில்லை.

எல்லாப் பறவைக்கும் பொதுவாக வேண்டியது தண்ணீர். மழை நாட்டில் தண்ணீருக்கா பஞ்சம் என்று தோன்றும். ஜனவரி முதல் கோடை மழை விழும் வரை சரிவுகளில் ஊற்றுகள் வற்றிவிடுகின்றன. ஓடைகளில் மிச்சம் இருப்பது பல இடங்களில் வீட்டுக் கழிவுநீர். தீனித் தட்டுப் பக்கமே வராத பூங்குருவியும் சிரிப்பானும் குளிக்க வரும். ஒரே ஒரு வேலைதான் செய்ய முடியும் என்றால் தண்ணீர்த் தட்டு வையுங்கள், தானியத்தை விட்டுவிடுங்கள்.

தட்டு 40 முதல் 50 செ.மீ. அகலம் இருக்கட்டும். ஆழம்தான் முக்கியம்: ஓரத்தில் 1 செ.மீ., நடுவில் 5 செ.மீ.க்கு மேல் வேண்டாம். குளிக்கும் பறவை வயிறு நனையும் அளவுக்குத்தான் இறங்கும். வழுவழுப்பான பீங்கான், எவர்சில்வர் பாத்திரங்களில் கால் வழுக்குவதால் விளிம்பில் உட்கார்ந்து ஒரு வாய் குடித்துவிட்டுப் பறந்துவிடும். சிமெண்டில் வார்த்த சொரசொரப்பான தட்டு நல்லது. ஆழமான தட்டுதான் இருக்கிறது என்றால் நடுவில் ஒரு தட்டைக்கல்லைப் போட்டு, கல்லின் மேல்பக்கம் நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே நிற்கும்படி செய்யுங்கள். சுட்ட மண் தட்டு கோத்தகிரி, குன்னூரில் தாங்கும். ஊட்டியிலும் கொடைக்கானலிலும் பள்ளமான இடங்களில் டிசம்பர், ஜனவரி உறைபனிக்கு அது வெடித்துவிடும், மண்ணுக்குள் ஊறிய நீர் உறைந்து விரிவதால். பனி விழும் காலத்தில் இரவு தட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு, காலையில் வெதுவெதுப்பான நீர் ஊற்றுங்கள். பனிக்கட்டி உருக வேண்டுமென்று உப்புப் போடக் கூடாது.

தட்டை வைக்கும் இடம்: அடர்ந்த செடியிலிருந்து இரண்டு, மூன்று மீட்டர் தள்ளி. அதைவிடக் கிட்ட வைத்தால் புதருக்குள் பதுங்கும் பூனைக்கு ஒரே தாவல். அதைவிடத் தூரம் போனால், நனைந்த இறகோடு வேகமாகப் பறக்க முடியாத பறவைக்கு வைரி போன்ற வேட்டைப் பறவையிடமிருந்து தப்ப மறைவிடம் இல்லாமல் போகும். தரையில் வைப்பதானால் சுற்றிலும் திறந்த வெளி வேண்டும். ஒரு மீட்டர் உயரக் கல்தூண் மேல் வைப்பது இன்னும் பாதுகாப்பு.

தினமும் காலையில் பழைய நீரைக் கொட்டி, தேங்காய் நாரால் தேய்த்து, புது நீர் ஊற்றுங்கள். சோப்பு வேண்டாம். முட்டை கொசுவாக ஒரு வாரத்துக்கு மேல் ஆகும் என்பதால் தினசரி மாற்றும் தட்டில் கொசு உற்பத்தியாகாது. இதோடு ஒரு சொட்டுநீர் ஏற்பாடு சேர்ந்தால் வரும் பறவைகளின் வகையே மாறும், ஏனென்றால் நீர் சொட்டும் சத்தம் தூரத்துப் பறவையையும் இழுக்கும். சொட்டுநீர்ப் பாசனக் கடையில் கிடைக்கும் சிறு வால்வை ஒரு பானையின் அடியில் பொருத்தி, தட்டுக்கு மேலே அரை மீட்டர் உயரத்தில் தொங்கவிட்டு, விநாடிக்கு ஒரு சொட்டு விழும்படி திருகுங்கள். மணிக்கு ஏறத்தாழ 180 மி.லி. செலவாகும், இரண்டு லிட்டர்ப் பானை ஒரு பகல் முழுக்க வரும்.

இப்போது தானியம். சாமை, தினை, உடைத்த கம்பு, நொய்யரிசி ஆகியவை போதும். சாமையும் கேழ்வரகும் இந்த மலையிலேயே காலங்காலமாக விளைந்த தானியங்கள், சில்லைகளுக்கு மிகவும் பொருந்தும் அளவு. முழு மக்காச்சோளம் புறாவுக்கு மட்டும்தான் ஆகும், கூடவே காட்டுப்பன்றியையும் கூப்பிடும். விதைக்கடையில் வாங்கும் பீட்ரூட், பட்டாணி விதைகளில் மிச்சமானதைப் பறவைக்குப் போடுவது பெரிய ஆபத்து. சிவப்போ பச்சையோ நிறம் ஏற்றிய விதை எல்லாம் பூஞ்சைக்கொல்லியோ பூச்சிக்கொல்லியோ பூசியது.

அளவு விஷயத்தில் கறாராக இருங்கள். இரண்டு மேசைக்கரண்டி, அவ்வளவுதான். காலை ஏழு மணி வாக்கில் போட்டு, ஒன்பது மணிக்குத் தட்டைப் பாருங்கள். மிச்சம் இருந்தால் மறுநாள் பாதியாகக் குறையுங்கள். முழுதாகத் தீர்ந்திருந்தாலும் கூட்டாதீர்கள். நிறையப் போட்டால் நிறையப் பறவை வரும் என்று நினைப்பது இயல்பு. நடப்பதோ, மாடப்புறாவும் காக்கையும் இடத்தைப் பிடித்துக்கொண்டு சின்னப் பறவைகளை விரட்டுவதுதான்.

விதை ஏன் கட்டி தட்டியது என்பதற்குப் பதில் நம் மூடுபனி. கோத்தகிரி, குன்னூர்ப் பக்கம் வடகிழக்குப் பருவமழையிலும், கூடலூர், பந்தலூர்ப் பக்கம் தென்மேற்கிலும் காற்றே ஈரமாக இருக்கும். மூடிய குழாய்க்குள் இரண்டாம் நாளே அடிப்பகுதி விதை ஊறி, சில நாளில் முளைவிட்டு, பிறகு பூஞ்சை பிடிக்கும். நிலக்கடலையில் வரும் பூஞ்சை அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சை உண்டாக்கும், அது ஈரலைத் தாக்கிப் பறவையைக் கொல்லக்கூடியது. கண்ணுக்குப் பச்சையாகத் தெரிவதற்கு முன்பே நஞ்சு இருக்கலாம். கழுவி உலர்த்தினால் போகாது, எறிந்துவிட வேண்டியதுதான். தானியத்தை இறுக மூடும் டப்பாவில், ஒரு மாதத்துக்கு வேண்டிய அளவு மட்டும் வாங்கி வீட்டுக்குள் வையுங்கள். வாங்கிய குழாயை வைத்துக்கொள்ள விரும்பினால் தோல் நீக்கிய சூரியகாந்திப் பருப்பை ஒரு கரண்டி மட்டும் போட்டு, மழையில்லாத காலைகளில் வெளியே எடுங்கள். பட்டாணிக்குருவி தலைகீழாகவும் தொங்கித் தின்னக்கூடியது, அதற்கு அந்தக் குழாய் உதவும். பிளாஸ்டிக் பாட்டிலை வெட்டித் தீனிக்கூடு செய்யும் யோசனை வேண்டாம். நீலகிரியில் அந்தப் பாட்டிலுக்கே தடை, வெயிலில் நொறுங்கும் துண்டுகள் கடைசியில் ஓடையில்தான் சேரும்.

தட்டு நீங்களே செய்யலாம். சில்வர் ஓக் பலகையில் 30க்கு 45 செ.மீ. சட்டம், இரண்டு செ.மீ. விளிம்பு. அடியில் பலகைக்குப் பதில் எவர்சில்வர் கொசுவலைக் கம்பி அடித்தால் நீர் தங்காது. மேலே 30 செ.மீ. உயரத்தில் சரிவான தகரக் கூரை, நாலாபுறமும் 10 செ.மீ. நீட்டிக்கொண்டு நிற்க வேண்டும், இல்லாவிட்டால் சாரல் உள்ளே அடிக்கும். உட்புறம் பெயிண்ட், வார்னிஷ் எதுவும் வேண்டாம். ஒன்றரை மீட்டர் இரும்புக் குழாய் ஒன்றை நட்டு, தட்டை அதன் மேல் செருகி எடுக்கும்படி அமையுங்கள். கழற்ற முடியாத தட்டு இந்த மலைக்கு ஆகாது. எலி ஏறாமலிருக்க, குழாயின் நடுவே 15 செ.மீ. விட்டத்தில் 40 செ.மீ. நீளத் தகர உருளை ஒன்றை மாட்டுங்கள். சுவர், கிளை எதிலிருந்தும் இரண்டு மீட்டராவது தள்ளி இருக்கட்டும்.

கரடி பற்றிக் கேட்டீர்கள். இதுதான் சமவெளிக்கும் நமக்கும் உள்ள பெரிய வித்தியாசம். கோத்தகிரி, குன்னூர்ச் சரிவுகளில் கரடி எண்ணெய், பருப்பு, பழ வாசனைக்குக் கதவை உடைத்துக்கூட உள்ளே வருகிறது. தீனி கிடைத்த இடத்தை அது மறக்காது. கொழுப்பு உருண்டை, நிலக்கடலை வெண்ணெய், தேங்காய் எண்ணெய் தடவிய விதை என்று இணையத்தில் பார்க்கும் செய்முறைகள் எதையும் இங்கே செய்யாதீர்கள். நம் பறவைகளுக்கு அவ்வளவு கொழுப்புத் தேவையும் இல்லை. மாலை நான்கு மணிக்குள் தட்டு வீட்டுக்குள் வந்துவிட வேண்டும், கீழே சிந்தியதைக் கூட்டி அள்ள வேண்டும். கரடி ஒரு முறை வந்து மோப்பம் பிடித்துவிட்டால் தானியம், பழம் இரண்டையும் குறைந்தது ஒரு மாதம் அடியோடு நிறுத்துங்கள், தண்ணீர் மட்டும் இருக்கட்டும். தொடர்ந்து வந்தால் வனச்சரக அலுவலகத்துக்குத் தகவல் சொல்லுங்கள். மக்களோடு பழகிப்போன கரடிக்கு முடிவு கூண்டுதான். அதற்குக் காரணம் நம் வீட்டு ஒரு கிண்ணம் கடலையாக இருக்கக் கூடாது.

குரங்கை எந்தத் தட்டாலும் தடுக்க முடியாது. கூட்டம் வரும் நேரம் ஒவ்வொரு ஊரிலும் ஓரளவு ஒழுங்காக இருக்கும், அதைக் கவனித்து அதற்கு முன்பே தட்டை எடுத்துவிடுங்கள். குரங்கு நிரந்தரமாக இருக்கும் இடத்தில் பழம் வைப்பதையே கைவிடுவது நல்லது. மற்ற இடங்களில் பாதிக் கொய்யாவோ ஒரு துண்டு பப்பாளியோ கிளையில் செருகி வைத்தால் சின்னானும் வெள்ளைக்கண்ணியும் குக்குறுவானும் வரும். பத்து மணிக்கு மேல் அதை விட்டு வைக்க வேண்டாம்.

எலி வந்தால் பின்னாலேயே பாம்பு வரும் என்று எல்லோருக்கும் தெரியும். அதைவிட மோசமானது எலிக்கு வைக்கும் மருந்து. மருந்து தின்று தள்ளாடும் எலியைப் பிடிக்கும் ஆந்தையும் சாகும். ஒட்டுப்பலகையில் எலியைவிட முன்னால் மாட்டுவது தரையில் தத்தித் திரியும் குண்டுகரிச்சானாக இருக்கலாம். எலி தென்பட்டால் தீனியை நிறுத்துவதுதான் மருந்து, இரண்டு வாரத்தில் அது இடம் மாறும். சிந்திய தீனிக்குத் தெருநாய் வந்து படுக்க ஆரம்பித்தால் இரவில் சிறுத்தை வரும் என்பதையும் மனதில் வையுங்கள்.

சமைத்த உணவு பற்றி. காக்கைக்குச் சோறு வைக்கும் வழக்கத்தை யாரும் விட வேண்டியதில்லை. ஒரு கைப்பிடி, உப்பும் நெய்யும் சேராமல், காக்கை வந்து தின்று முடிக்கும் வரை பார்த்துவிட்டு மிச்சத்தை எடுத்துவிடுங்கள். முந்தின நாள் சோறு, இட்லி, மிக்சர், பிஸ்கட், ரொட்டி, பால் வேண்டாம். உப்பைக் கழிக்கச் சிறு பறவையின் சிறுநீரகத்தால் முடியாது. பாலில் உள்ள சர்க்கரை அதற்குச் செரிக்காது. ரொட்டியால் வயிறு நிரம்புமே தவிரச் சத்து இல்லை.

தேன்சிட்டுக்குச் சர்க்கரைத் தண்ணீர் வைக்கலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். வேண்டாம் என்பது என் முடிவு. பூந்தேனில் இருக்கும் மற்றவை சர்க்கரைத் தண்ணீரில் இல்லை, ஒரு நாளில் புளித்துவிடும், எறும்பும் கரடியும் வரும். அந்த இடத்தில் ஒரு சால்வியாச் செடி வைத்தால் வருஷம் முழுக்க வேலை செய்யும்.

நான்கு சென்ட் இடத்தில் நீண்ட காலப் பலன் தருவது செடிதான். தவுட்டுப்பழச் செடி பெரும்பாலும் ஆளுயரப் புதர்தான், புளிப்பு மண்ணும் நல்ல வெயிலும் போதும், பழத்தைச் சின்னானும் சிரிப்பானும் விரும்பித் தின்னும். ஊசிக்கலா வேலியோரத்துக்கு மிகப் பொருத்தம். மஞ்சள் பூ, கருநீலப் பழம், பூனை நுழைய முடியாத முள், இதைவிட நல்ல கூடு கட்டும் இடம் கிடையாது. முள்ளிப்பழக் கொடி ஒரு மூலையில் இருக்கட்டும். இடம் உள்ளவர்கள் காட்டுப்பூவரசு (ரோடோடென்ட்ரான்) வைக்கலாம். வளர வருஷங்கள் பிடிக்கும், ஆனால் சிவப்புப் பூ மலர்ந்ததும் தேன் குடிக்க வரும் பறவைகளைப் பார்க்க அந்தக் காத்திருப்பு தகும். பழச்செடிகளை வாசல், சமையலறை ஜன்னல் பக்கம் வைக்காமல் கொல்லையின் கோடியில் வையுங்கள், பழத்துக்குக் கரடியும் வரக்கூடும். நாற்றைச் சோலைக் காட்டிலிருந்து பிடுங்காமல் நர்சரியில் கேட்டு வாங்குங்கள். காப்புக்காட்டில் செடி எடுப்பது குற்றம், அங்கே பிடுங்கியது இங்கே பிழைப்பதும் அரிது.

நடவே கூடாதவையும் உண்டு. உன்னிச்செடியும் ஆரஞ்சுப் பூ செஸ்ட்ரமும் பறவையை இழுக்கும், மறுக்கவில்லை. ஆனால் பழத்தைத் தின்ற பறவை விதையைச் சோலை ஓரத்தில் எச்சத்தோடு போடும். நீலகிரிச் சோலைகளின் விளிம்பை இவை அடைத்துக்கொண்டிருப்பது அப்படித்தான். நீலகிரிச் சிரிப்பானுக்கு உலகில் வேறு வீடு இல்லை. பாலக்காட்டுக் கணவாய்க்குத் தெற்கே பழனி மலையில் வாழ்வது அதன் உறவான பழனிச் சிரிப்பான். தோட்டத்தில் அவற்றுக்குப் பழம் கொடுத்துக்கொண்டே அவற்றின் காட்டைக் கெடுக்கும் செடியை வளர்ப்பதில் எனக்குச் சம்மதம் இல்லை.

செடிக்கு அடுத்தது சருகு. கூட்டிக் கொளுத்தாமல் ஒரு மூலையில் 10 செ.மீ. கனத்துக்குச் சருகைப் பரப்பி விடுங்கள். மண்புழு, வண்டு, சிலந்தி எல்லாம் அதற்குள் பெருகும். தரையில் இரை தேடும் பறவைகளுக்கு இதைவிட நல்ல தட்டு கிடையாது. அக்டோபர் முதல் மார்ச் வரை இமயமலைப் பக்கத்திலிருந்து வந்து தங்கும் பறவைகளில் பல பூச்சியை நம்பியவை. காஷ்மீர ஈப்பிடிப்பான் அவற்றில் ஒன்று, அழிவை நோக்கிப் போகும் இனம், தானியத்தைத் தொடவே தொடாது. அதற்கு நாம் செய்யக்கூடியது காய்கறிப் பாத்திக்கும் ரோஜாவுக்கும் மருந்து அடிக்காமல் இருப்பதும், பழைய மரங்களை விட்டு வைப்பதும்தான். முதல் கோடை மழைக்குப் பின் ஈசல் புறப்படும் நாளில் கொல்லையைக் கவனியுங்கள், தட்டுக்கே வராத பறவை எல்லாம் வந்திருக்கும்.

பிப்ரவரி முதல் ஜூன் வரை பல பறவைகள் குஞ்சு பொரிக்கும். அப்போது தானியத்தை நிறுத்திவிடலாம். தானியம் தின்னும் சிட்டுக்குருவிகூடக் குஞ்சுக்குப் புழுதான் ஊட்டும். அந்த மாதங்களில் வேண்டுமானால் முட்டை ஓடு கொடுங்கள். நம் மலை மண் புளிப்பு என்பதால்தான் விவசாயிகள் டோலமைட் என்ற சுண்ணாம்புக்கல் பொடி போடுகிறார்கள். அப்படிப்பட்ட மண்ணில் நத்தை குறைவு, பறவைக்குச் சுண்ணாம்புச் சத்தும் குறைவு. ஓட்டைப் பத்து நிமிஷம் கொதிக்க வைத்து, வெயிலில் காயவைத்து, கம்பு அளவுக்கு நொறுக்கித் தட்டின் ஓரத்தில் ஒரு கரண்டி தூவினால் போதும். கொதிக்க வைக்காத ஓட்டில் கோழியின் கிருமி இருக்கலாம்.

பல பறவை ஒரே தட்டில் கூடினால் நோயும் கூடும். வாரம் ஒரு முறை தட்டைச் சுரண்டி, வெந்நீரில் கழுவி, ஒரு பங்கு திரவ பிளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து பத்து நிமிஷம் ஊற வைத்து, நன்றாக அலசி, முழுக்கக் காய்ந்த பிறகே மறுபடி வையுங்கள். மழை நாளில் காயாது, அதற்காக இரண்டு தட்டு செய்து மாற்றி மாற்றிப் பயன்படுத்துவது வசதி. கைக்குக் கையுறை, தட்டு தேய்க்கத் தனி பிரஷ். இறகை உப்பிக்கொண்டு, கண்ணைப் பாதி மூடி, ஆள் கிட்டப் போனாலும் பறக்காமல் ஒரு பறவை தட்டிலேயே உட்கார்ந்திருந்தால் அது நோயுற்றது. அன்றே தானியம், தண்ணீர் இரண்டையும் எடுத்துவிட்டு இரண்டு வாரம் வைக்காதீர்கள், பறவைகள் கலைந்து போனால்தான் தொற்று நிற்கும். ஒரே சமயத்தில் பல பறவை செத்துக் கிடந்தால் வெறுங்கையால் தொடாமல் அரசு கால்நடை மருத்துவமனைக்குச் சொல்லுங்கள்.

ஜன்னல் கண்ணாடியையும் கணக்கில் எடுங்கள். மலை வீடுகளில் இப்போது பள்ளத்தாக்கைப் பார்த்தபடி பெரிய கண்ணாடி வைக்கிறார்கள். அதில் தெரியும் மரத்தையும் வானத்தையும் நிஜமென்று நம்பிப் பறவை வந்து மோதும். தட்டு கண்ணாடியிலிருந்து ஒரு மீட்டருக்குள் இருக்கட்டும் (சுவரிலிருந்து இரண்டு மீட்டர் என்று மேலே சொன்னது இங்கே பொருந்தாது), அல்லது பத்து மீட்டருக்கு அப்பால் போகட்டும். ஒரு மீட்டருக்குள் இருந்தால் மிரண்டு பறக்கும்போது அடிபடும் அளவுக்கு வேகம் எடுக்காது. இரண்டுக்கும் நடுவில்தான் சாவு அதிகம். இடமில்லை என்றால் கண்ணாடியின் வெளிப்பக்கம் ஐந்து செ.மீ. இடைவெளியில் வெள்ளைப் புள்ளிகளோ கோடுகளோ வரையுங்கள். ஒரே ஒரு பருந்து ஸ்டிக்கர் ஒட்டுவதால் பயனில்லை, பறவை அதைச் சுற்றிக்கொண்டு மிச்சக் கண்ணாடியில் மோதும். மோதி விழுந்த பறவையை ஒரு அட்டைப் பெட்டியில், துணி விரித்து, மூடி, இருட்டான அமைதியான இடத்தில் ஒரு மணி நேரம் வையுங்கள். வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், மூச்சுக் குழாய்க்குள் போய்விடும். பிறகு வெளியே கொண்டுபோய்ப் பெட்டியைத் திறந்தால் தெளிந்த பறவை தானாகப் பறந்துவிடும். பறக்காவிட்டால் வனத்துறையைக் கூப்பிடுங்கள், கூண்டில் வைத்து வளர்க்கச் சட்டத்தில் இடமில்லை.